கம்பவுண்டர் சுருள்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. என் இடத்துக்கு வந்திருக்கும் கம்பவுண்டர் முனிரத்தினம் நல்ல மனிதர். மாதம் ஒரு தடவையாவது சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து நலம் விசாரித்துவிட்டுப் போவார். போன வாரம் வந்தவர் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“சார், கம்பவுண்டர் சுருள்னு ஒண்ணு நீங்க செய்வீங்களாமே? சந்தைக்கு வர்றவங்க ரெண்டு மூணு பேரு கேட்டுட்டாங்க. கடையில விக்கிற கொசுவத்தியெல்லாம் அதுகிட்ட நிக்காதாம். அந்தப் பக்குவத்தைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க சார்.”

உள்ளே என் மனைவி பாக்கியம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் சட்டென்று நின்றது.

“எழுதித் தருகிறேன்” என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். பக்குவம் எனக்கு இன்னும் தலைகீழாகத் தெரியும். ஆனால் முதல் வரிக்கு மேல் கை ஓடவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கக் கற்றுக்கொண்டேன். கல்வத்தில் அரைப்பது, அளப்பது, வடிகட்டுவது, மாத்திரை உருட்டுவது, சீட்டில் டாக்டர் கிறுக்கியதை வாசிப்பது. இவற்றில் கடைசியானதுதான் கஷ்டம். பரீட்சை தேறிய கையோடு பொம்மிடிக்குக் கிழக்கே ஓர் ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி என்றால் ஓட்டுக் கட்டடம், மூன்று அறை, பின்னால் டாக்டருக்கு ஒரு வீடு, எனக்கு ஒரு வீடு. மருந்துப் பெட்டிகள் ரயிலில் பொம்மிடிக்கு வரும்; அங்கிருந்து மாட்டு வண்டியில் வைக்கோலுக்குள் புதைந்து வந்து சேரும். பெட்டியைத் திறந்ததும் எத்தனை பாட்டில் உடைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

அந்த நாளில் எங்கள் பக்கத்துக்குப் பெரிய வியாதி என்றால் குளிர் காய்ச்சல். அரூர்ப் பக்கத்திலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வருவார்கள். வெயிலில் நின்றபடி பல்லைக் கிட்டிக்கொண்டு நடுங்குவார்கள். நான் காலையில் வந்ததும் ஒரு பெரிய ஜாடி கொயினா மருந்து கலந்து வைத்துவிடுவேன். பத்து மணிக்கெல்லாம் ஜாடி பாதி ஆகிவிடும். அந்தக் கசப்பு என் விரலை விட்டு என்றைக்குமே போனதில்லை. பாக்கியம், “உங்க கையால சோறு பிசைஞ்சா சோறும் கசக்குது” என்பாள்.

டாக்டர் ராமண்ணா மங்களூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் கன்னடம் வரும். அதனால் அவர் கோபம் ஊரில் பாதிப் பேருக்குப் புரியாது. மீதிப் பாதிப் பேர் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குப் புரியும், சிரிப்பார்கள். யாரிடமும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். மூட்டை தூக்குகிறவரிடமும் அப்படித்தான். ஒரு கவுண்டர் வந்து, “என்னங்க ஐயா, எம் பண்ணையாளையும் நீங்கங்கறீங்க, என்னையும் நீங்கங்கறீங்க, அப்ப எனக்கென்ன மரியாதை?” என்று கேட்டே விட்டார். டாக்டர் நிதானமாக, “உங்க ரெண்டு பேருக்கும் நாடி ஒரே இடத்துலதாங்க இருக்கு” என்றார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. நோயாளியைத் தொடும் முன்பு மூன்று கேள்வி கேட்பார். என்ன சாப்பிடறீங்க? எந்தத் தண்ணி குடிக்கிறீங்க? எங்க படுக்கிறீங்க? பதில் வரும்வரை காத்திருப்பார். வாசலில் ஐம்பது பேர் நின்றாலும் அவசரப்பட மாட்டார். மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் விழிப்பார்கள். “வூட்லதானுங்க” என்பார்கள். “வூட்ல எங்க? அடுப்புப் பக்கமா, கதவுப் பக்கமா? ஆட்டுக்குட்டியெல்லாம் உள்ள படுக்குமா? ஜன்னல் இருக்கா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அப்புறம்தான் நெஞ்சில் குழாயை வைப்பார். வைத்த பிறகு கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் நான் பாட்டிலை வைக்கும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது.

ஜன்னலைக் கேட்டு என்ன ஆகப்போகிறது, மருந்தைக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதானே என்று நான் பல நாள் மனத்துக்குள் முணுமுணுத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த தப்பு விளங்காது. மூச்சிழுப்பு நோயாளிகளுக்கு அப்போது ஒரு பொடி கொடுப்போம். உலர்ந்த ஊமத்தை இலையும் வெடியுப்பும் சேர்த்த பொடி. தட்டில் ஒரு சிட்டிகை போட்டு நெருப்பு வைத்தால் சீறிப் புகையும். அந்தப் புகையை நோயாளி இழுக்க வேண்டும். கண் பிதுங்க மூச்சுத் திணறிக்கொண்டு வந்தவர் கொஞ்ச நேரத்தில் தோளைத் தொங்கப் போட்டு, “அப்பாடா” என்பார். அந்தப் பொடியை ஆண்டுக்கணக்காகக் கலந்தவன் நான். புகையும் ஒரு மருந்து, அளவு தெரிந்தவன் கையில் இருந்தால் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை எனக்குள் அப்படித்தான் உண்டானது. வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்திருப்பார்களா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பவுண்டரால்தான் முடியும்.

எங்களுக்கு முதலில் பிறந்தது ஒரு பையன். இரண்டு வயதில் குளிர் காய்ச்சலில் போய்விட்டான். ஜாடி நிறையக் கொயினா கலக்கிறவன் வீட்டிலேயே அது நடந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். அடுத்துக் கமலா பிறந்தபோது நானும் பாக்கியமும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே காரியத்தில் குறியாக இருந்தோம்: இவளைக் கொசு கடிக்கக் கூடாது.

கொசுவலை வாங்கினோம். அது கிழிந்தது. அப்போது ஜப்பான் கொசுவத்திச் சுருள் கடைக்கு வந்திருந்தது. பச்சை நிறம், தகரக் காலில் நிறுத்திக் கொளுத்தினால் விடிய விடியக் கனியும். விளக்கு வைக்கிற நேரத்தில் அதைக் கொளுத்திக் கமலா படுக்கும் உள்ளறையில் வைத்துவிடுவேன். எங்கள் வீட்டிலேயே கொசு குறைவாக வரும் அறை அதுதான். சிறிய ஜன்னல் ஒன்று. அதையும் கோணியால் அடைத்திருந்தேன்.

யுத்தம் வந்தது. ஜப்பானும் எதிரியானதும் சுருள் கடையிலிருந்து மறைந்தது. கொயினாவுக்கும் தட்டுப்பாடு வந்தது. வலைக்குத் துணி கிடைக்கவில்லை. கமலாவுக்கு அப்போது பத்து வயது.

எனக்கு யோசனை தோன்றியது. சுருள் என்பது என்ன? மாத்திரைக்குப் பிசைகிற மாவு மாதிரி ஒன்று. உருண்டையாக உருட்டுவதற்குப் பதில் நீளமாக உருட்டிச் சுற்றினால் போயிற்று. வேப்பிலையும் நொச்சியிலையும் நிழலில் உலர்த்திப் பொடித்தேன். வறட்டித் தூள் சேர்த்தேன். அணையாமல் கனிய வெடியுப்பு. கொசு கிட்ட வராமல் இருக்கப் புகையிலைக் காம்பின் தூள். கருவேலம் பிசினைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்தேன். மாத்திரை உருட்டும் பலகையில் திரிபோல நீட்டி, கட்டை விரலில் தொடங்கிச் சுற்றி, கூரை நிழலில் காயப் போட்டேன். முதலில் செய்தவை விரிந்து உடைந்தன. அப்புறம் பக்குவம் பிடிபட்டது. ஒரு சுருள் சாயங்காலம் தொடங்கிக் காலை வரை அணையாமல் நின்றபோது, ஏதோ பெரிய பரீட்சை தேறினதுபோல நான் பாக்கியத்தை எழுப்பிக் காட்டினேன். அவள் இருமிக்கொண்டே, “ரொம்பச் சந்தோசங்க” என்றாள்.

இரண்டு நாள் கழித்துச் சொன்னாள், “உள்ள படுத்தா நெஞ்சு கமறுதுங்க.”

“கமறினாத்தான் கொசு போகும்” என்றேன்.

அக்கம்பக்கத்தில் தெரிந்து கேட்டார்கள். கொடுத்தேன். தபால்காரர் வீட்டுக்கு, தையல்காரர் வீட்டுக்கு, பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக்கு. காசு வாங்கவில்லை, வாங்கியிருந்தால்கூட இவ்வளவு பெருமை வந்திருக்காது. கம்பவுண்டர் சுருள் என்று பெயரே வந்துவிட்டது.

சித்தேரியிலிருந்து காளியம்மா என்று ஒருத்தி மாதா மாதம் கொயினாவுக்கு வருவாள். கூடையில் தேனோ கடுக்காயோ இருக்கும். நல்ல வாய் உள்ளவள். அவளுக்கும் இரண்டு சுருளை நீட்டினேன். மோந்து பார்த்தாள்.

“இதை என்னா பண்றது சாமி?”

“ராத்திரி கொளுத்திப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படு.”

“பொகையோடவா?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நாங்க பொழுது சாயறப்ப நொச்சியப் போட்டுப் பொகை வுடுவோம். புள்ள குட்டி அல்லாம் வாசல்ல குந்திக்குவோம். பொகை அடங்குனப்புறம் கதவு தொறந்து காத்து வாங்கிட்டுத்தான் உள்ள போறது. பொகை வூட்டுக்கு சாமி. ஆளுக்கு இல்ல.”

“அதுக்குத்தான் உனக்கு மாசா மாசம் காய்ச்சல் வருது” என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காளியம்மாவும் சிரித்துவிட்டுச் சுருளைத் திரும்ப மேஜை மேல் வைத்தாள். “காய்ச்சல் வந்தா நீ இருக்க. மூச்சு போனா யாரு இருக்கா?”

நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கமலா இரும ஆரம்பித்தாள். சளி என்று நினைத்தேன். பிறகு இழுப்பு வந்தது. காலையில் எழுந்திருக்கும்போது மார்புக்குள் பூனை உறுமுவதுபோல ஒரு சத்தம் இருக்கும். பள்ளிக்கூடம் போய் மத்தியானம் திரும்பி வரும்போது கொஞ்சம் தேவலையாக இருப்பாள். மறுநாள் காலையில் பழையபடி. மருந்து கலந்து கொடுத்தேன். குளிர் காற்றுதான் காரணம் என்று முடிவு கட்டி, கதவிடுக்கிலும் துணி திணித்தேன். மழைக்குக் கொசு அதிகம் என்பதால் ஒரு சுருள் இரண்டு சுருள் ஆயிற்று. மூச்சு ரொம்பத் திணறும் நாளில், அதே அறையில் உட்கார வைத்து ஊமத்தைப் பொடிப் புகையும் பிடிக்கச் செய்தேன். தேர்ந்த கம்பவுண்டர் என்ற நினைப்பில் ஒவ்வொன்றையும் கவனமாகச் செய்தேன்.

டாக்டரிடம் சொல்லவில்லையா என்றால், சொன்னேன். “சளிதான் ஐயா, மருந்து குடுத்திருக்கேன்” என்று சொன்னேன். கூட வேலை செய்கிறவன் சொல்கிறான் என்று அவரும் விட்டுவிட்டார்.

நடுவில் பாக்கியத்தின் அண்ணன் வந்து தாயையும் மகளையும் தீர்த்தமலைக்கு அழைத்துப் போனார். பத்து நாள் அவர் வீட்டில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது கமலா வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்தாள். இருமல் இல்லை, இழுப்பு இல்லை. “மலை மேல ஏறிக்கூட வந்தேம்ப்பா!” என்றாள்.

பாக்கியம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “எல்லாம் அந்தத் தீர்த்தங்க.” ஒரு பெரிய பாட்டில் நிறையப் பிடித்தும் வந்திருந்தாள். நானும் நம்பினேன். தினம் ஓர் உத்தரணி கொடுக்கச் சொல்லி, நானே அந்தப் பாட்டிலுக்குச் சீட்டு ஒட்டி வேளை எழுதினேன். அன்று சாயங்காலமே உள்ளறையில் சுருளைக் கொளுத்தினேன். மைத்துனர் வீட்டில் அவள் வாசல் கட்டிலில், வலைக்குள், மழைக்காற்றிலே படுத்திருந்தாள் என்பதை நான் அப்போது கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. டாக்டரின் மூன்றாவது கேள்வியை ஆயிரம் பேரிடம் அவர் கேட்கக் கேட்டவன், என் பெண் விஷயத்தில் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

நான்காம் நாள் காலை, ஆஸ்பத்திரி திறக்கிற நேரம். நான் ஜாடியில் கொயினா கலந்துகொண்டிருந்தேன். பாக்கியம் கமலாவைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தைத் தாண்டி ஓடி வந்தாள். பத்து வயதுப் பெண்ணை அவள் எப்படித் தூக்கினாள் என்று தெரியாது. “ஏங்க, இவ பேச மாட்டேங்கறாங்க!” கமலாவுக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. கண் என்னையே பார்த்தது. பேச மாட்டேன் என்றில்லை. பேசுவதற்கு மூச்சு இல்லை.

டாக்டர் மேஜையைக் காலால் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. “அட்ரினலின்” என்றார். பல ஆண்டாகத் தினமும் தொடும் அலமாரி. அன்று எந்தத் தட்டு என்று எனக்குத் தெரியவில்லை. அவரே வந்து எடுத்தார். ஊசியைக் கொதிக்கும் தண்ணீரிலிருந்து இடுக்கியால் எடுத்து, ஆம்பூல் குப்பியின் கழுத்தை உடைத்து, சில துளிதான் இழுத்தார். தோலுக்கடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். கமலாவைப் படுக்க வைக்காமல் முன்னால் சாய்த்து, மேஜை மேல் தலையணை போட்டுக் கையூன்ற வைத்தார். ஜன்னல் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னார். ஒரு கையில் கடிகாரம், இன்னொரு கை அவள் முதுகில். வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் என்று நான் சொல்ல முடியாது. முதலில் தோள் இறங்கியது. அப்புறம் உதட்டில் நீலம் போய்ச் சிவப்பு வந்தது. பிறகு கமலா, “அம்மா, தண்ணி” என்றாள். பாக்கியம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் கை கழுவிவிட்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரில் இருந்த நோயாளி முக்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார்.

“என்ன சாப்பிடறா?”

சொன்னேன்.

“எந்தத் தண்ணி?”

தீர்த்தம் உள்பட எல்லாம் சொன்னேன்.

“எங்க படுக்கிறா?”

“வூட்லதான் ஐயா” என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

அவர் சிரிக்கவில்லை. “வூட்ல எங்க?” என்றார்.

உள்ளறை, கோணி, கதவிடுக்குத் துணி, இரண்டு சுருள், ஊமத்தைப் பொடி. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல என் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. முழுவதும் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை கன்னடத்தில் சொன்னார். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். நோயாளிகளைப் பார்த்து முடித்த பிறகு மத்தியானம் என் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்.

வந்தார். கையில் நாங்கள் கஷாயம் வடிகட்டும் மெல்லிய வெள்ளைத் துணி, புதிதாகக் கிழித்தது. அதைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கமலாவின் தலையணைக்கு நேர் மேலே ஒரு நாற்காலியின் முதுகில் விரித்துக் கட்டினார். வழக்கமாக வைக்கிற இடத்திலேயே சுருளை வைக்கச் சொன்னார். இரண்டு வைக்கப் போனேன். “ஒண்ணு போதும்” என்றார். பிறகு தன் கடிகாரத்தையும் ஒரு பென்சிலையும் என் கையில் கொடுத்தார்.

“உள்ள உட்காருங்க. கதவை வழக்கம்போல அடைச்சுக்கோங்க. உங்க மூச்சை நீங்களே எண்ணி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுதுங்க. எப்ப வேணும்னாலும் வெளிய வரலாம். நான் வாசல்ல இருக்கேன்.”

உட்கார்ந்தேன். முதல் தடவை பதினேழு எழுதினேன். நொச்சி வாசனை எனக்கு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை பத்தொன்பது. கண் எரிந்தது, தினமும் கொளுத்திவிட்டு உடனே வெளியே போகிறவனுக்கு அது தெரியாமல் இருந்திருக்கிறது. அப்புறம் தொண்டையில் ஒரு கரகரப்பு, செருமினால் போகாத கரகரப்பு. தலை கனத்தது. நெஞ்சின் நடுவில் யாரோ கைவைத்து அழுத்துவதுபோல இருந்தது. நான்காம் தடவை எண்ணும்போது எண்ணிக்கை தப்பிவிட்டது. திரும்ப எண்ணினேன். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து முற்றத்துத் தூணைப் பிடித்து இருமினேன்.

டாக்டர் கடிகாரத்தை வாங்கிப் பார்த்தார். “முக்கால் மணி நேரம். பொண்ணு சாயங்காலம் எத்தனை மணிக்குப் படுக்கும்? காலையில எப்ப எந்திரிக்கும்?” பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்த் துணியை அவிழ்த்துக்கொண்டு வந்து வெயிலில் பிடித்தார். நாற்காலிச் சட்டம் பட்ட இடம் மட்டும் வெள்ளைக் கோடாக இருந்தது. மற்றதெல்லாம் டீ வடிகட்டினதுபோல மஞ்சள். கிட்டே பார்த்தால் கரும்புள்ளிகள்.

“வடிகட்டறது உங்க தொழில். பாருங்க” என்றார். “புகையாலதான் இழுப்பு வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அது பிறவியிலேயே இருந்திருக்கலாம். ஆனா வந்த இழுப்பை இந்தப் புகை போக விடல. நீங்க விரட்டின கொசு நிஜம். அதை நான் இல்லேங்கல. அந்த மகனை இழந்த பயமும் நிஜம். ஆனா கொசு வர்ற வழியை அடைக்கிறதுக்கு அவ மூச்சு வழியை அடைச்சுட்டீங்க.”

நான் அழுதேன். அவர் அதைப் பார்க்காததுபோலத் துணியை மடித்துக்கொண்டே, “எத்தனை வூட்டுக்குக் குடுத்திருக்கீங்க?” என்று கேட்டார்.

ஏழு வீடு. அன்று சாயங்காலமே கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கொடுத்ததைத் திரும்பக் கேட்பதைப்போல வெட்கமான காரியம் இல்லை. வாத்தியார், “ஏன், ஜப்பான்காரனுக்கு விக்கப் போறீங்களா?” என்று கிண்டல் செய்தார். தையல்காரர் ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிட்டார். தபால்காரர் மனைவிதான் வாசற்படியில் நின்று மறித்தாள். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை.

“குடுக்க மாட்டேங்க. நீங்கதான அமிர்தம் மாதிரி சொல்லிக் குடுத்தீங்க? இப்ப இதை எடுத்துக்கிட்டுப் போனா ராவெல்லாம் இவனைக் கொசு புடுங்கும். காய்ச்சல் வந்தா? கொயினாவும் இல்லேங்கறீங்க. உங்க பொண்ணுக்கு ஒத்துக்கலேன்னா எம் புள்ளைக்கும் ஒத்துக்காதா?”

அவள் கேட்டது நியாயம். குழந்தை இருமியது. சின்ன இருமல்தான், நானும் அவளும் ஒரே சமயத்தில் அதன் முகத்தைப் பார்த்தோம்.

அப்போதுதான் காளியம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. “சுருளை நீயே வெச்சுக்கம்மா” என்றேன். “இப்ப கொளுத்து. கொளுத்திட்டுக் குழந்தையோட வாசலுக்கு வா.” கதவைச் சாத்தினோம். வாசலில் உட்கார்ந்தோம். தபால்காரரும் வந்து உட்கார்ந்தார். முக்கால் மணி கழித்துச் சுருளை அணைத்து வெளியே எறிந்து, எதிரெதிர்க் கதவு இரண்டையும் திறந்துவிட்டோம். புகை போன பிறகு குழந்தையைப் பழைய வேட்டியால் கட்டிய தூளிக்குள் விட்டு, மேலே ஒரு மெல்லிய புடவையைப் போர்வைபோல மூடித் தொங்கவிட்டோம். ஓரங்கள் தரை வரை வந்தன. மறுநாள் அவளே சொன்னாள்: “நாலு கொசுதாங்க. அதுல மூணை எங்க வூட்டுக்காரரு அடிச்சுட்டாரு.”

டாக்டரிடம் சொன்னேன். காளியம்மா சொன்னதையும், நான் அவளைக் கேலி செய்ததையும் சேர்த்தே சொன்னேன். அவர் ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி வாசல் சுவரில் ஒட்டச் சொன்னார்: புகை போடும்போது ஆள் வெளியே. ஆள் படுக்கும்போது புகை வெளியே. அடுத்த மாதம் காளியம்மா வந்தபோது அதை வாசித்துக் காட்டினேன். “இதுக்குக் காயிதம் வேறயா?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “பொண்ணு எப்படி சாமி இருக்கு?” என்று கேட்டாள். ஒரு சின்ன சீசாவில் மலைத்தேனை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

உள்ளறை ஜன்னலை இடித்துப் பெரிதாக்கினோம். கமலாவின் கட்டில் அதன் கீழே வந்தது. கொசுவலைக்கு டாக்டர் எங்கிருந்தோ துணி சம்பாதித்துக் கொடுத்தார். இழுப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை. மார்கழிப் பனியில் இன்னும் எட்டிப் பார்க்கும். ஆனால் அந்தக் காலைபோல ஒரு காலை பிறகு வரவில்லை. பல வருஷம் நான் விடியும் முன் எழுந்து அவள் கட்டில் பக்கத்தில் நின்று மூச்சை எண்ணியிருக்கிறேன். பாக்கியம், “எண்ணுனா கூடிடுமாங்க? வந்து படுங்க” என்பாள். இப்போது கமலா சேலத்தில் உபாத்தியாயினிப் பயிற்சிக்குப் படிக்கிறாள். விடுதி அறையில் ஜன்னல் எந்தப் பக்கம், புகை போடுகிறார்களா என்று வாரம் ஒரு கடிதம் எழுதுகிறேன். மூன்றுக்கு ஒன்றாவது பதில் வருகிறது.

இன்று சர்க்கார் ஆட்கள் பம்பு வைத்து வீடு வீடாகச் சுவருக்கு மருந்து அடிக்கிறார்கள். குளிர் காய்ச்சல் குறைந்திருக்கிறது, கண்ணாலேயே தெரிகிறது. சுருள் மறுபடியும் கடைக்கு வந்திருக்கிறது. கொளுத்துகிறவர்கள் கொளுத்தட்டும். கொசுவைவிடப் புகை நல்லது என்று நினைக்கிற நாள் யாருக்கும் வரும், எனக்கு வந்ததுபோல. என்னென்ன சேர்த்தேன் என்று மேலே வந்துவிட்டது; அளவையும் பக்குவத்தையும் முனிரத்தினத்துக்கு எழுதித் தரப்போவதில்லை. அந்த வடிகட்டுத் துணியை டாக்டர் ஊர் மாறிப் போகும்போது என்னிடம் விட்டுப்போனார். மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. இந்தக் காகிதங்களோடு அந்தத் துணியையும் மடித்து முனிரத்தினத்துக்கு அனுப்புகிறேன். சந்தையில் கேட்கிறவர்களிடம் விரித்துக் காட்டட்டும்.

போன விடுமுறையில் கமலா வந்திருந்தபோது மூவருமாகத் தீர்த்தமலைக்குப் போனோம். பாக்கியம் கையில் காலிப் பாட்டில். தீர்த்தம் மேல் அவளுக்கு இன்னும் நம்பிக்கை. எனக்கும் இல்லையென்று சொல்ல மாட்டேன். பாதிப் படியில் எனக்கு மூச்சு முட்டியது. பாறையில் உட்கார்ந்துவிட்டேன். முன்னால் போய்விட்ட கமலா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, விறுவிறுவென்று இறங்கி வந்தாள். இறங்கி வந்தவளுக்கு ஓர் இரைப்புக்கூட இல்லை. என் மடியிலிருந்த கடிகாரத்தை எடுத்து ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை என் முதுகில் வைத்தாள். உதடு மட்டும் அசைந்தது. ஒரு நிமிஷம் ஆனதும் முகத்தை டாக்டர் ராமண்ணா மாதிரியே வைத்துக்கொண்டாள்.

“முப்பத்தி ரெண்டு. எங்க படுக்கிறீங்க?”

“வூட்லதானுங்க” என்றேன்.

“வூட்ல எங்க?”

“ஜன்னல் பக்கமா” என்றேன். சிரித்ததில் எனக்கு இன்னும் மூச்சு வாங்கியது. அவள் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, மேலே ஏற ஆரம்பித்தாள்.